கரி லாரிகளை மறித்த கபேம்ப்வா அவர்களுக்கு

லுசாக்கா மாநகரைச் சூழ்ந்த காடுகளெல்லாம் கைகூப்பும் காவலரே! கரிலாரி கண்டால் கனல்கக்கும் கண்ணினரே! சிசேங்கா சோதனைச்சாவடியின் செம்மலே! லாக்சன் கபேம்ப்வா ஐயா அவர்களே! தங்கள் பணிநிறைவு விழாவுக்கு வணங்கி வரவேற்கிறோம்.

தாங்கள் இல்லையேல் இந்நகரைச் சுற்றி ஒரு மரமும் நின்றிராது என்று எழுதத்தான் உட்கார்ந்தோம். ஜன்னல் வழியே பார்த்தோம். தாங்கள் பணியில் சேர்ந்தபோது சாவடிச் சுவரை உரசி நின்ற காடு இப்போது பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. ஆகவே அந்த வரியை அடித்துவிட்டுத் தங்கள் பண்புகளுக்கு வருகிறோம்.

முப்பத்தோராண்டுகள் வெயிலென்றும் மழையென்றும் பாராமல், அனுமதிச் சீட்டின்றி வந்த கரிமூட்டைகளைப் பறிமுதல் செய்து, முற்றத்தில் மலையெனக் குவித்தீர்கள். தாங்கள் அடுத்த லாரியை மறிக்கச் சாலைக்குப் போனதும், நாங்கள் விதிப்படி வெள்ளிதோறும் அவற்றை ஏலம் விட்டோம். கடையைவிட மலிவு என்று ஊரே திரண்டது. தாங்கள் பிடிக்கப் பிடிக்கக் கரி மலிந்தது. மலிய மலிய, மின்னடுப்புக்காரர்களும் கரியடுப்புக்குத் திரும்பினார்கள். அவர்கள் திரும்பத் திரும்ப லாரிகள் பெருகின. தாங்கள் இன்னும் மும்முரமாகப் பிடித்தீர்கள். இதில் எந்த இடத்தில் காடு காப்பாற்றப்பட்டது என்று மூன்று நாளாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் பார்த்தோம். அம்புகள் வட்டமாகவே சுற்றின.

எங்களுள் ஒருவனான காவலாளி சியாமே ஒருமுறை, "ஐயா, நாம கரிய தடுக்குறோமா, சப்ளை பண்றோமா?" என்று கேட்டே விட்டான். தாங்கள் அருளிய மறுமொழி பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது: "அதெல்லாம் மேலிடம் பாத்துக்கும். நீ கம்பத்த இறக்குய்யா, லாரி வருது!"

குழப்பமே இல்லாத ஓரிடம் தங்கள் இல்லம். பதினோராண்டுக்கு முன் எரிவாயு அடுப்பு வாங்கினீர்கள். ஊர் மாறாவிட்டாலும் என் வீடு மாறியது, அது போதும் என்று கண்கலங்கிச் சொல்வீர்கள். சமையலறையில் பின்னல் துணி போர்த்தியிருந்த அந்த அடுப்பு, இத்தனை ஆண்டாகியும் ஒரு கறையின்றி மின்னியதை விருந்துக்கு வந்த நாங்களும் கண்டு வியந்தோம்.

"என்னங்கய்யா, பீன்ஸ்ல கரியடுப்பு வாசம்ல அடிக்குது!" என்றான் சியாமே.

"அது என் பொண்டாட்டி கைமணம்டா, உனக்கு எங்க தெரியும்!" என்று மார்தட்டினீர்கள்.

"இன்னும் கொஞ்சம் ந்ஷிமா வச்சுக்கோ தம்பி. வாய மூடிக்கிட்டுச் சாப்பிடு," என்று தங்கள் துணைவியார் பானா சோலா அம்மையார், வெந்த களியை அள்ளி அவன் தட்டில் வைத்து உபசரித்தார். அந்த அன்பை மறவோம்.

மின்சாரம் போகாமலும் எரிவாயு தீராமலும், இருமலின்றி, மூட்டுவலியின்றி, நிழல்தரும் ஒரு மரமேனும் அருகிருக்க, தாங்கள் நூறாண்டு வாழ்க!

இங்ஙனம்,
என்ன சொல்வதென்று தெரியாமல் நெகிழ்ந்து நிற்கும்
சிசேங்கா சாவடி ஊழியர்கள்

பின்குறிப்பு: இன்று வெள்ளி. விழாவை முன்னிட்டு ஏலத்தை நாளைக்கு மாற்றியிருக்கிறோம். பானா சோலா அம்மையார் வழக்கம்போல் முதல் ஆளாக வெறும் சாக்குடன் வந்து திரும்பிப் போகக் கூடாதென்று அவருக்கு நேற்றே சொல்லிவிட்டோம்.