நெற்றிக்காசு

நாணயத்தை அறுப்பதே குற்றம் என்று ஏட்டையா நேற்றுதான் சொன்னார். எனக்குத் தெரியாது. ஆனையூரில் வீட்டு முன்னறையில் போர்டு மாட்டிவைத்துத்தான் செய்துகொண்டிருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.

அறுப்பதற்கு நல்ல காசு எண்பதுகளில் வந்த பெரிய ஒரு ரூபாய். இப்போது வரும் ஒரு ரூபாய் எஃகு, ரம்பத்தை முறித்துவிடும். என் மெஷின் கிட்டத்தட்டத் தையல் மெஷின்தான். ஊசிக்குப் பதிலாக நூல் கனத்தில் ஒரு ரம்பம் மேலும் கீழும் ஓடும். காசில் துளை போட்டு, ரம்பத்தை உள்ளே விட்டு, வேண்டாததை அறுத்து எடுத்துவிட்டால் வேண்டியது நிற்கும். அலங்காநல்லூர்ப் பையன்கள் காளை கேட்பார்கள், கழுத்துச் செயினில் மாட்டிக்கொள்ள. பெண்கள் மயில் கேட்பார்கள். அவசரப்பட்டால் கால் ஒடிந்துவிடும், கழுத்து ஒடிந்துவிடும். ஒடிந்ததை ஒட்டவைக்க முடியாது.

என் அப்பா பெயர் சங்கிலி. குவாரியில் கல் உடைத்தவர். நானும் மீசை முளைக்கும்வரை அவர் பின்னால் ஜல்லி சுமந்தேன். முதுகு போய்விட்டது, விட்டுவிட்டேன். நான் செய்வதை அவர் வேலை என்று சொன்னதில்லை. யாராவது கேட்டால், “அவெனா, ஃபேனப் போட்டு உக்காந்து காசச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கான்” என்பார். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதனால் எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஐப்பசியில் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. வாய் கோணிப் போனது, பேச்சில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கார்த்திகை தாண்டாது என்றார்கள். மாமன் மருது பந்தல்காரனிடம் சொல்லிவைத்துவிட்டார். கல்யாணமாகி அலங்காநல்லூரில் இருக்கும் என் தங்கை தங்கப்பொண்ணு மட்டும் பஸ் பிடித்து வந்து வந்து காலை நீவிவிட்டுப் போனாள். எனக்கு மனைவி இல்லை, விட்டுப் போய்விட்டாள். மலம் மூத்திரம் எல்லாம் நான்தான் எடுத்தேன். முகம் சுளித்ததில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

எங்கள் சனத்தில் செத்தவர் நெற்றியில் ஒரு ரூபாய் வைப்போம். கூட்டத்தில் யாராவது சட்டைப் பையைத் துழாவி எடுத்துக் கொடுப்பதுதான் அந்தக் காசு. என் அப்பாவுக்கு அப்படி வேண்டாம் என்று நினைத்தேன். மற்ற ஆர்டரை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு பழைய ரூபாயை எடுத்தேன். இரண்டு பக்கமும் இருந்த கதிரை அப்படியே விட்டேன். நடுவில் ‘ஒன்று’ இருந்த இடத்தில் சம்மட்டியை ஓங்கி நிற்கும் ஒரு ஆள். காலை அகட்டி, முண்டாசு கட்டி. சம்மட்டிக் காம்பு தலைமுடிக் கனம். நெற்றியில் சந்தனத்தைப் பூசி அதன்மேல் வைத்தால் அறுத்த இடமெல்லாம் மஞ்சளாகத் தெரியும், ஆள் வெள்ளையாகத் தனித்து நிற்பார் என்பதுவரை யோசித்துத்தான் செய்தேன். அப்படி ஒரு வேலை அதற்குமுன் என் கையில் வந்ததில்லை.

கார்த்திகை தாண்டியது. அவர் கையைத் தூக்கினார். கஞ்சி கேட்டார். மார்கழி பிறந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்து வந்தார். பேச்சும் பாதி திரும்பிவிட்டது. தங்கப்பொண்ணு குலதெய்வத்துக்குக் கிடா நேர்ந்தாள்.

எனக்கும் சந்தோசம்தான். ஒருநாள் காசை அவர் உள்ளங்கையில் வைத்து, “இது நீதாம்ப்பா” என்றேன். கண்ணருகே கொண்டுபோகவில்லை. அப்படியே மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பனங்கிழங்கு விற்கும் ரெங்கம்மாள் தெருவில் வந்தாள். உள்ளே மெஷினில் இருந்த எனக்குக் கேட்டது.

“என்னாய்யா குடுக்குறீக, ஓட்டக் காசா இருக்கு?”

“ஒத்த ரூவாதான். மகென் குடுத்தான்.”

“இது செல்லாதுய்யா. எலி கடிச்ச மாதிரியில்ல இருக்கு.”

அப்பா சிரித்தார். நோயில் விழுந்த பிறகு அவர் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். “டேய் அருணு, கெழங்குக்குக்கூட ஆகல பாருடா ஓங்காசு” என்றார். அவளும் சிரித்தாள். கிழங்கைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனாள். காசு வாசற்படியில் கிடந்தது. எடுத்துத் துடைத்து வைத்தேன்.

அன்றைக்கு ராத்திரி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடி இழுத்தால் என்ன செய்வார், எவ்வளவு கஷ்டப்படுவார் என்று தோன்றியது. வேறொன்றும் இல்லை.

எங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து அனுப்பிவைப்பார்கள். உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அவர் படுக்கையில் கிடக்கவில்லை. கூப்பிட்டதும் தானாகவே நடந்து வந்து பலகையில் உட்கார்ந்தார். “தலைக்கு எண்ண வச்சு எம்புட்டு நாளாச்சுடா” என்று கண்ணை மூடிக்கொண்டார். மார்கழி விடியற்காலை, பச்சைத் தண்ணீர். ஊற்றிக்கொண்டே இருந்தேன். “துண்டக் குடுடா, குளுருது” என்றார். துண்டு கொடியில்தான் இருந்தது. கொடுக்கத் தாமதம் செய்தேன். இளநீர் கொடுத்தேன், குடித்தார். மறுநாளும் அப்படியே. மறுநாள் துண்டு கேட்க அவருக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் வெயில் ஏறுமுன் முடிந்துவிட்டது.

தங்கப்பொண்ணு வருவதற்குள் சந்தனம் பூசிக் காசை வைத்துவிட்டேன். நினைத்ததுபோலவே தெரிந்தது. வந்தவர்கள் மாலை போட்டார்கள், கும்பிட்டார்கள், தள்ளி உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. அவள்தான் பார்த்தாள். விழுந்து அழுதவள் அவர் தலையில் இருந்த எண்ணெயை மோந்து பார்த்து நிமிர்ந்தாள். பிறகு காசைப் பார்த்தாள்.

“இத எப்பண்ணே அறுத்த?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் முதல்முறையாக ஒருவர் கேட்கிறார். “ஐப்பசியிலயே முடிச்சிட்டேன். அப்பா விழுந்தப்பவே” என்றேன். காம்பு எவ்வளவு மெல்லிசு என்பதையும் சொன்னேன்.

“விழுந்தவரு எந்திரிச்சிட்டாருல்ல. நீ ஏன் இத இன்னும் வச்சிருந்த?”

அவள் கொல்லைப்பக்கம் போய் வெறும் இளநீர்க் கூடுகளைப் பார்த்தாள். போனை எடுத்தது அவள்தான். அவள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

ஆமாம், நான்தான் செய்தேன். அவர் கஷ்டப்படக்கூடாது என்பதற்காகச் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன் மேடம். அந்தக் காசை உங்கள் மேசையில் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுவைத்திருக்கிறீர்கள். கவரோடு பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளியே எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அவர் ஒரே ஒரு தடவை அப்படிப் பிடித்துப் பார்த்திருந்தால் போதும், இன்றைக்கும் வாசலில் உட்கார்ந்திருப்பார்.