மாமா படத்துக்கு எம்புட்டு எடிட்டிங்?

— எலே வல்லரசு, இன்னும் எதைத்தாண்டா அழிக்கச் சொல்லுத? கரண்டுக் கம்பத்த எடுத்தாச்சு. ஆகாயத்தாமரைய எடுத்தாச்சு. மலைக்கு ஊதாக் கலர் அடிச்சாச்சு. அந்த மலை என்ன கலர்ல இருக்குன்னு ராஜபாளையத்துக்கே தெரியும். என் ஸ்டுடியோவத்தான் கேலி பேசுவாங்க.

— அக்கா, இது கலை. கம்பம் நின்னா கண்ணு கம்பத்துக்குப் போயிரும். மாமா மேல நிக்காது. அப்படியே வானத்துல நாலு கொக்கு போட்டுரு.

— கொக்குக்கு நான் எங்கடா போக? எங்கிட்ட இருக்கது கல்யாண ஆல்பத்துக்குப் போடுற புறாதான். வேணும்னா ரெண்டு மோதிரத்தயும் பறக்க விடுதேன். எடிட்டிங்னா வெளிச்சத்தக் கூட்டணும், ஓரத்த வெட்டணும், முடிஞ்சது சோலி. அதுக்கு மேல போனா அது படம் இல்ல, பொய்.

— கல்யாணப் பொண்ணுகளுக்கு மட்டும் மாவு பூசுன மாதிரி வெளுப்பு ஏத்துத?

— அது பொழைப்புடா. இதக் கலைன்னு நீதான சொல்லுத?

— அக்கா, நீ எங்கூடப் பொறந்தவதானா? சாயங்காலம் அம்புட்டுப் பேரும் வேன் புடிச்சு யோகேஸ்வரிக்குப் பூ வைக்கப் போறோம். பூவ வச்ச கையோட இந்தப் படத்த ஃப்ரேம் போட்டு மாமா கையில குடுத்தேன்னு வையி, பொண்ணப் பெத்த மனுசன் உருகிருவாக.

— கருத்தப்பாண்டி மாமாவா? பட்டாளத்துல வெந்து வந்த மனுசன். ஊர்க் கண்மாய்ல படகு விட்ட படத்துக்கா உருகப் போறாக?

— அதாங்க்கா பயமா இருக்கு. அந்தப் படகு விட்ட நாள்ல இருந்து மாமா மொகம் குடுத்துப் பேசல. முன்னெல்லாம் வாய்க்கு வாய் மாப்ள மாப்ளன்னாக. இப்ப 'என்ன தம்பி'ங்காக. பூ வைக்கப் போற வீட்டுல நான் தம்பியாம்!

— யோகேஸ்வரி என்ன சொல்லுதா?

— போன எடுக்க மாட்டேங்கா. ஒரே ஒரு மெசேஜ்தான். 'முதல்ல கண்ணாடிய மாத்துங்க'ன்னு. நானும் மறுநாளே கடையில போயி டெஸ்ட் பண்ணிட்டேன். பவர் அப்படியேதான் இருக்குன்னுட்டான்.

— பொம்பளப்புள்ள காரணமில்லாம சொல்ல மாட்டா. சரி, அடுத்து என்ன?

— படகு. லேசா சாஞ்சிருக்கு பாரு. நேராக்கு.

— படக நேராக்குனா கண்மாய் சாயுதுடா. தண்ணி அம்புட்டும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடிரும்.

— நான் கேமராவ சாச்சுப் புடிச்சிருப்பேன்.

— கரை நேரா இருக்கு. மலை நேரா இருக்கு. படகு மட்டும் எப்படிடா சாயும்? அது என்ன வெள்ளையா, அதுவா படகு?

— தெர்மாகோல்க்கா. மீன்குத்தகைக்காரங்க வலை போட வச்சிருக்கது. நாலஞ்ச அடுக்கி சாக்குல சுத்தித் தச்சிருப்பாங்க. 'காஷ்மீர்ல ஏரியில படகு விட்டவன் நான், இது எம்மாத்திரம்? நீ அக்கரையில நின்னு படம் எடு மாப்ள'ன்னு மாமாதான் ஏறுனாக. அன்னைக்குத்தான் கடைசியா மாப்ளன்னது.

— நீ எங்க நின்ன?

— எதுத்தாப்ல, மடைகிட்ட. பெரிய லென்ஸப் போட்டுக்கிட்டு, காதுல பாட்டு மாட்டிக்கிட்டு. பாட்டு இல்லைன்னா எனக்கு ஃபீல் வராது.

— கரையில இந்த ஆளுக யாரு?

— அதச் சொல்லத்தான் வந்தேன். அம்புட்டுப் பேரையும் தூக்கிரு. குறுக்கமறுக்க ஓடி ஃப்ரேமக் கெடுத்துட்டாங்க. எவனாவது கேமராவ எடுத்துட்டா போதும், நம்மாளுக ஓடியாந்து நின்னுருவாங்க.

— ஒரு ஆளு வேட்டிய அவுக்கான்டா.

— பாரேன் அநியாயத்த! அத முதல்ல அழி.

— இன்னொருத்தன் கயித்தத் தூக்கிட்டு ஓடியாரான்.

— மாட்டுக் கயிறா இருக்கும். அழி.

— இந்தா, தண்ணியில ஒரு மூங்கில் தன்னால மிதந்து போகுது.

— அது துடுப்பு. கண்ணுக்கு இடைஞ்சல். அழி.

— துடுப்பு தண்ணியில கெடந்தா மாமா கையில என்ன இருக்கு?

— ஒண்ணுமில்ல. அதான் அழகே! ரெண்டு கையையும் வானத்தப் பாத்துத் தூக்கியிருக்காக பாரு. நான் சொல்லவே இல்லக்கா, அவியளாவே குடுத்த போஸு! பின்னால மலை, மேல மேகம், நடுவுல கைய விரிச்ச ஒத்த மனுசன். தலைப்புக்கூட வச்சுட்டேன். 'விடுதலை'.

— வல்லரசு.

— என்னக்கா?

— மாமா வாயப் பெருசாக்கிக் காட்டுதேன். நல்லாப் பாரு.

— சிரிக்காக.

— சிரிச்சா உள்நாக்கு தெரியுமாடா?

— சந்தோசம்னா...

— இந்தா, அடுத்த படம். படகு எங்க?

— கொஞ்சம் உள்ள போயிருக்கு.

— இதுக்கு அடுத்தது. மாமா எங்க?

— அந்தா, மீசை தெரியுதுல்ல. தண்ணிக்கு மேல.

— கூறுகெட்டவனே! அது போஸு இல்லடா! மனுசன் காப்பாத்து காப்பாத்துன்னு கத்திருக்காரு! ஊரே கயித்தத் தூக்கிட்டு ஓடியாருது, நீ 'விடுதலை'ன்னு பேரு வச்சிருக்க!

— ஐயையோ.

— வேட்டிய அவுத்தவன் வேட்டியத் தூக்கிப் போட்டு இழுக்கத்தான் அவுத்திருக்கான். எத்தனை படம்டா எடுத்த?

— நாப்பது இருக்கும்.

— நாப்பதா! பொறவு?

— ஷிப்டுக்கு நேரமாயிருச்சு. கைய ஆட்டிட்டு பைக்க எடுத்துட்டு மில்லுக்கு வந்துட்டேன்.

— எதுக்குடா கைய ஆட்டுன?

— மாமா ஆட்டுனாகல்ல. பதிலுக்கு நாமளும் ஆட்டணும்ல.

— ஒன்னப் பெத்த ஆத்தா இதக் கேட்டா இங்கனயே விழுந்துருவா.

— எங்கிட்ட யாருமே சொல்லலையேக்கா.

— எப்படிச் சொல்லுவாங்க? காஷ்மீர் ஏரியில விட்டவரு ஊர்க் கண்மாய்ல தெர்மாகோல்ல இருந்து விழுந்துட்டாருன்னா, அந்த மீசைய வச்சுக்கிட்டு எப்படி நடமாட? ஊர் வாயக் கட்டிப் போட்டிருப்பாக. எனக்கே சேதி வரல பாரு.

— அழிச்சிரு. அம்புட்டுப் படத்தையும் அழிச்சிரு. எடுக்கவே இல்லன்னு சொல்லிருவோம்.

— இரு, கடைசிப் படம் ஒண்ணு இருக்கு. இது யாரு, சுடிதாரோட தண்ணிக்குள்ள?

— இதா? யாரோ குளிக்காங்கன்னு... அக்கா, யோகேஸ்வரி!

— மாமா தலமுடியக் கொத்தாப் புடிச்சு இழுத்துட்டு வாரா. ஏ அம்மா, என்ன நீச்சல்! என்ன தைரியம்! கட்டிக்கப் போறவளையே அடையாளம் தெரியல ஒனக்கு. கண்ணாடிய மாத்தச் சொன்னா என்ன தப்பு?

— அழுகையா வருதுக்கா, நெசமாத்தான். அவ அப்பா முங்கிச் சாகக் கெடந்தாக. நான் பாட்டு கேட்டுட்டு நின்னுருக்கேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவளுக்குப் பூ வைக்க?

— அழாத. மூக்கத் தொடச்சிரு. வாசல்ல புல்லட் சத்தம் கேக்கு. எலே, மாமா வாராக!

— ஸ்க்ரீன மூடு! மூடு!

— மூட மாட்டேங்குடா, எல்லாப் படமும் தெரிய சிஸ்டம் நின்னுபோச்சு. வாங்க மாமா, வாங்க! டீ சொல்லவா?

— டீயெல்லாம் வேண்டாம் அனுசியா. தம்பியும் இங்கனதான் இருக்காப்ல. நல்லதாப் போச்சு. என்னமோ என் படத்தப் பெருசாப் போட்டு சபையில குடுக்கப் போறதா யோகேஸ்வரிக்கு மெசேஜ் போட்டீகளாம். அது என்ன படம்னு பாத்துட்டு, வேன் வரணுமா வேண்டாமான்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.

— மாமா, கால்ல விழுதேன். கைய விரிச்சீக, போஸுன்னு நெனச்சுட்டேன்.

— எந்திரி. பட்டாளத்துல குண்டு வந்தப்பகூட நான் ஒருத்தரையும் கூப்பிட்டதில்ல. அன்னைக்குக் கூப்பிட்டேன். மாப்ள, மாப்ளன்னு தொண்ட கிழியக் கத்துதேன். நீ கட்டைவெரலத் தூக்கிக் காட்டுத.

— அதையும் செஞ்சியாடா!

— சூப்பர்னு சொன்னேன்க்கா.

— கத்துன கத்துல அந்தச் சொல்லு அன்னைக்கோட தீந்துபோச்சு எனக்கு. தள்ளு, படத்தப் பாப்போம்.

— எல்லாத்தையும் அழிச்சிருதேன் மாமா.

— எதுக்கு அழிக்க? மலையெல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு. அந்த வேட்டி அவுக்கவன எடுத்துரு. ஐயாதுரை அவன், ஆயுசுக்கும் சொல்லிக் காமிப்பான். கயித்த எடு. துடுப்ப என் கையில குடு. படக நிமித்து. வாய மூடிவிடு. மீசையத் தொடாத.

— இம்புட்டையும் மாத்துனா நெசம்னு அதுல என்ன மாமா மிஞ்சும்?

— மலை இருக்கும்ல?

— மலையத்தான் உங்க 'தம்பி' ஊதா ஆக்கிட்டான்.

— இருந்துட்டுப் போகுது. அந்தா அது என்ன, கடைசியில?

— யோகேஸ்வரி, மாமா. உங்கள இழுத்துட்டு வாரா.

— அதக் கொஞ்சம் கிட்டக் காட்டு.

— மாமா? இதுல என்ன எடுக்க?

— இதுல கை வைக்காத. இதப் பெருசாப் போடு. என் நடுவீட்டுல மாட்டணும்.

— மீசையில தண்ணி ஒழுகுதே மாமா. ஊரு பாக்குமே.

— பாக்கட்டும். எம்மவ தெரியுதால்ல? அன்னைக்கு வாயில தண்ணியும் கண்ணுல சேறும். அவ மொகத்த நான் பாக்கவே இல்ல. இப்பத்தான் பாக்கேன்.

— மாமா... அப்ப, வேன் வரலாமா?

— அவகிட்டக் கேட்டேன். 'அவருக்கு நீச்சல் தெரியுமாப்பா'ன்னு கேட்டா.

— தெரியாது மாமா.

— தெரியாதுன்னுதான் சொன்னேன். நீச்சல் தெரிஞ்சும் நீ நின்னுருந்தா வேன் என்ன, ஒரு சைக்கிள் எங்க வீட்டுப் பக்கம் வந்திருக்க முடியாது. 'அப்ப நானே சொல்லித் தாரேன்'னுட்டா. சாயங்காலம் வந்து பூ வைங்க. நாளைக்கு விடிய கண்மாய்க்கு வந்துரு. அந்தக் கேமராவ இப்பவே எங்கிட்டக் குடு.

— கேமரா எதுக்கு மாமா?

— தண்ணிக்குள்ள நீ கைய விரிப்பேல்ல? நான் மடைகிட்ட நின்னு படம் எடுக்கேன். அதுல ஒரு புள்ளி அழிக்கப்படாது, மாப்ள.