லாவண்யா கேட்ட கல்

என் அறைக்கு வருகிற பிள்ளைக்கு முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பேன். தாகத்துக்காக இல்லை ஐயா. பிள்ளை குடித்து முடிக்கும்வரை நாம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும், அதற்காக. பெரியவர்கள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலே பாதிப் பிள்ளைகளுக்குப் பேச்சு வந்துவிடும். நீங்களும் எனக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறீர்கள். உங்களுக்கும் யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

என் பெயர் லீலாவதி. சொந்த ஊர் பாடாலூர். திருச்சியில் உளவியல் முதுகலை படித்துவிட்டு, அரியலூரில் இந்தத் தனியார் பள்ளியில் மாணவர் ஆலோசகராகச் சேர்ந்தேன். அட்மிஷன் சமயத்தில் மெயின் ரோட்டில் கட்டுகிற பேனரில் என் படிப்பைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். அட்மிஷன் முடிந்த கையோடு என்னை பஸ் டூட்டிக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை என் அறை வாசலில் நிறுத்தி, "இதுக்கு மண்டையில என்னதான் இருக்குன்னு பாருங்க மேடம்" என்று சிரித்துவிட்டுப் போகிற ஆசிரியர்களும் உண்டு. பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினால், "எம்புள்ள என்ன பைத்தியமா" என்று சண்டைக்கு வருவார்கள். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. என் வேலை என்ன என்று அந்தப் பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது என்பதற்காகச் சொல்கிறேன். எனக்கு அது உள்ளுக்குள் எரிந்துகொண்டே இருந்தது.

ஜனவரியில் அறிவியல் கண்காட்சி வந்தது. நம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழிகளில் கல்லாகிப்போன சிப்பிகள் கிடைப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அறிவியல் ஆசிரியர் வேல்முருகன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பழைய மைன்ஸ் குழி ஒன்றுக்குக் கூட்டிப்போனார். குழியில் தண்ணீர் நின்றது. தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, சரிவில், பெரிய சுருள் சிப்பி ஒன்று பதிந்து கிடந்தது. மற்றப் பிள்ளைகள் மேட்டுக்கு அந்தப் பக்கம் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அதை எடுத்துவரச் சொல்லி வேல்முருகன் பூங்குழலி என்ற பிள்ளையை இறக்கிவிட்டார். மண் சரிந்தது. அவளுக்கு நீச்சல் தெரியாது. அவருக்கும் தெரியாது.

பக்கத்தில் நின்று பார்த்தது லாவண்யா ஒருத்திதான். பூங்குழலியும் அவளும் ஒரே பெஞ்சு, ஒரே பஸ். ஒருத்தி லீவு போட்டால் இன்னொருத்தியும் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வாள்.

பூங்குழலி தானாகத்தான் இறங்கினாள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். லாவண்யா மட்டும் கேட்கிறவர்களிடமெல்லாம் சார்தான் இறங்கச் சொன்னார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். விசாரணைக்கு அதிகாரி வரப்போவதாகப் பேச்சு வந்தது. அந்த வாரத்தில்தான் தாளாளர் காசிநாதன் முதல்முறையாக என் அறைக்கு வந்தார். பிள்ளைகள் உட்காருகிற சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ள ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்குதாம்மா. சொன்னதையே சொல்லிக்கிட்டுக் கெடக்குதாம். அதுக்கு மனச ஆத்தி விடுங்க. நாளைக்கு கோர்ட்டு கேஸுன்னு போயி நின்னா அது தாங்குமா? நீங்க படிச்சவங்க. இது எங்களுக்கெல்லாம் தெரியாத வித்தை."

அவர் தப்பாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மிரட்டவும் இல்லை. சம்பளத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. உங்களால்தான் முடியும் என்று அந்தக் கட்டடத்தில் முதன்முதலாக ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் போன பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

படிப்பு முடித்த வருடம் திருச்சியில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. குற்றத்தையோ விபத்தையோ கண்ணால் பார்த்த பிள்ளைகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கான பயிற்சி. பெரும்பாலும் என்னென்ன செய்யக் கூடாது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்காதே. முதலில் சொன்னது தப்பு போல என்று பிள்ளை மாற்றிச் சொல்லும். நீயாக எதையும் எடுத்துக் கொடுக்காதே. நடக்காததை நடந்ததாக நினைத்துப் பார்க்கச் சொல்லாதே. நாளாக நாளாக நினைத்துப் பார்த்ததும் நடந்ததும் பிள்ளைக்கு ஒன்றாகிவிடும். ஆலோசகரின் முகம் பார்த்துப் பிள்ளை பதில் சொல்லும், அதனால் முகத்தில் எதையும் காட்டாதே. நான் கவனமாகக் கேட்ட வகுப்பு அது.

லாவண்யாவிடம் அத்தனையையும் செய்தேன்.

முதல் நாள் அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு நேராகவே சொன்னாள்.

"சார்தான் மேடம் எறங்கச் சொன்னாரு. நீ ஒல்லியா இருக்க, சட்டுனு எறங்கிடுவன்னாரு."

நான் டம்ளரை வாங்கி வைத்தேன். பிறகு, "நல்லா யோசிச்சுச் சொல்லு கண்ணு, சாரா சொன்னாரு?" என்று கேட்டேன். மறுநாளும் கேட்டேன். சார் என்றபோதெல்லாம் என் முகத்தைச் சுருக்கிக்கொண்டேன். தெரியலை என்றபோது அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். சில நாட்களில் அவள் தெரியலை என்பதற்கு வந்து சேர்ந்தாள். கையைப் பிசைந்துகொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் தெரியலை என்பது நிற்காது ஐயா. விசாரணையில் ஒருவர் அன்பாகக் கேட்டால் பழையது திரும்பி வந்துவிடும். எடுத்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். எதை வைத்தால் கழன்று போகாது என்று யோசித்தேன். அவளே குற்றவாளியாக இருக்கிற ஒன்றை வைத்தால் போகாது. வெட்கப்படுகிற விஷயத்தைப் பிள்ளைகள் யாரிடமும் போய் நிஜமா என்று கேட்டுப் பார்ப்பதில்லை. பெற்ற தாயிடம்கூட வாய் திறக்க மாட்டார்கள்.

அதனால் கண்ணை மூடச் சொன்னேன். மூச்சை மெதுவாக விடச் சொன்னேன். குழியின் கரையில் நிற்பதாக நினைத்துக்கொள் என்றேன். "பூங்கு, எனக்கு அந்தச் சிப்பிக் கல்ல எடுத்துட்டு வாடி" என்று அவள் சொல்வதாக நினைத்துப் பார்க்கச் சொன்னேன். சும்மா நினைத்துத்தான் பார்க்கச் சொன்னேன். முதலில் அழுதாள், அப்படிச் சொல்லவில்லை என்றாள். பரவாயில்லை, இங்கே யாரும் உன்னைத் திட்ட மாட்டார்கள் என்றேன். தினமும் நினைத்துப் பார்த்தாள்.

ஒரு நாள் அவளாகவே, "நான் கேட்டதும் பூங்கு திரும்பிப் பாத்துச் சிரிச்சா மேடம். சரிடின்னா" என்றாள்.

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்குள்ளேயே முளைத்தது. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. இருந்தாலும் வேலை முடிந்தது என்று புரிந்தது.

விசாரணையில் லாவண்யா தடுமாறாமல் சொன்னாள். கல்லைக் கேட்டது தான்தான் என்றாள். வேல்முருகன் தலை குனிந்து நின்றார். விபத்து என்று முடித்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் பூங்குழலியின் அம்மா ஜோதி, லாவண்யா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அந்த அம்மா திட்டவில்லை. வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கல்லு வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா கண்ணு? ஒரு மூட்டை பொறுக்கிக் குடுத்திருப்பனே."

லாவண்யா அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் தூக்க யாருக்கும் கை வரவில்லை, எனக்கும் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவள் அம்மா சொன்னார். ஆனால் ராத்திரியில் கத்தி எழுவது நின்றுவிட்டது. தாளாளர் என்னைக் கூப்பிட்டு நன்றி சொன்னார். என் அறைக்குப் புது ஃபேன் போட்டார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வேல்முருகனால் தாங்க முடியவில்லை. அவரே இந்த ஸ்டேஷனுக்கு வந்து, நான்தான் இறக்கிவிட்டேன் என்று அழுதிருக்கிறார். நீங்கள் லாவண்யாவைக் கேட்டிருக்கிறீர்கள். சார் மேல் தப்பில்லை, நான்தான் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்கிறாள் என்று கேட்டவர் நினைக்க முடியாத அளவுக்குச் சொல்லியிருப்பாள். அவள் பொய் சொல்லவில்லையே.

உங்கள் ஆள் வந்து என்னைக் கூப்பிட்டதும் முதலில் அவள் வீட்டுக்குத்தான் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வார்த்தை உன்னுடையது இல்லை, நான் வைத்தது, நீ கேட்கவே இல்லை என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் எழுந்து போய் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீங்க என்னக் காப்பாத்தப் பாக்குறீங்க மேடம். வேணாம். அவ சிரிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள்.

வைப்பதற்கு எனக்குத் தெரிந்திருந்தது. எடுப்பதற்கு எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

ஆக, பூங்குழலியைக் குழியில் இறக்கியது வேல்முருகன். லாவண்யாவை இறக்கியது நான். இதை எந்த இடத்தில் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன், எத்தனை வருடம் போட்டாலும் போய்விட்டு வருகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன் ஐயா. லாவண்யாவுக்காகச் சென்னையிலிருந்து வேறு ஆலோசகரை வரவழைப்பதாகச் சொன்னீர்கள். வேண்டாம். புது ஆளிடம் அவள் மனம் திறக்க மாட்டாள். அந்தப் பிள்ளையின் மனதுக்குள் போகிற வழி எனக்குத்தான் தெரியும். அவளை என்னிடமே அனுப்புங்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று நீங்கள் முடிவு செய்து என்னிடம் சொல்லிவிடுங்கள், அதை அவள் ஞாபகத்தில் நான் வைத்துவிடுகிறேன்.