மு-வும் ஒரு புள்ளியும்

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் ஐயா. பெருமைக்காகச் சொல்லவில்லை, வேறு பெருமை எதுவும் கைவசம் இல்லாததால் சொல்கிறேன். பள்ளியில் கணக்கு வரவில்லை. ஓட்டம் வரவில்லை. பாட்டு வந்தது, வாத்தியாரே எழுந்து வந்து நிறுத்தச் சொன்னார். கையெழுத்து ஒன்றுதான் மிச்சம். அதை வைத்துத்தான் முப்பத்தோரு வருடம் பிணவறை அலுவலகத்தில் குப்பை கொட்டினேன்.

வேலை எளிது. பெரிய டாக்டர் பிரேதத்தை அறுத்துப் பார்த்துக்கொண்டே, அவ்வப்போது கையுறையைக் கழற்றிவிட்டு ஓர் அட்டைத் தாளில் குறிப்பெழுதுவார். அதைப் படித்து, படிவத்தில் நல்ல எழுத்தில் நகல் எடுத்து அவர் மேசையில் வைப்பேன். அவர் கையெழுத்துப் போட்டதும் குறிப்பைக் கிழித்துவிடுவோம். அவர் எழுத்தைக் கோழி கிளறியதுபோல என்பார்கள். கோழியைக் கேவலப்படுத்தக் கூடாது. அது எதையாவது தேடிக் கிளறும். அந்த எழுத்தைப் படிக்க உலகத்தில் என்னைத் தவிர ஆள் கிடையாது. சில நாள் அவருக்கே படிக்க வராது. "யோவ், நேத்து நான் என்னய்யா எழுதினேன்?" என்று என்னிடம்தான் வருவார். அதனால் எனக்குக் 'கண்ணாடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டிலும் அதே பெயர்தான். "ஊர்ல கிறுக்குறதெல்லாம் படிக்கத் தெரியுது, என் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கிறது மட்டும் படிக்கத் தெரியல" என்பாள் என் மனைவி.

நடைபாதையில் ஒரு பெஞ்சு உண்டு. செத்தவர்களின் வீட்டார் உட்காரும் பெஞ்சு. டாக்டர் அவர்களிடம் பேசமாட்டார்; அவருக்குப் பேசாதவர்களிடம்தான் பழக்கம். ஆகவே அவர்கள் என்னிடம் கேட்பார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: ரொம்பக் கஷ்டப்பட்டாரா? படிவத்தில் என்ன இருந்தாலும், "இல்லம்மா, அடுத்த நொடியே உயிர் போயிடுச்சு" என்பேன். முதல்முறை சொன்னது ஒரு குழந்தையின் தகப்பனிடம். அவர் முகம் தளர்ந்ததைப் பார்த்தபோது, என் கையெழுத்தைவிட நல்ல பொருள் ஒன்று என்னிடம் இருப்பது தெரிந்தது. அதன் பிறகு எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எண்ணவில்லை. அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் அன்று மாலை திடீரென்று பொய்க்காரனாகிவிடவில்லை என்பது உங்கள் தாளில் ஏற வேண்டும்.

இனி அந்தத் துப்பாக்கிச் சூடு. கிடங்குக் காவலாளி ஒருவர், ஐம்பத்தெட்டு வயது, உள்ளே புகுந்த பையனைச் சுட்டுவிட்டார். பையனுக்கு இருபத்து நான்கு. இரும்புக் கம்பியோடு தன்மேல் பாய்ந்தான், உயிர் பிழைக்கச் சுட்டேன் என்று காவலாளி சொன்னார். பார்த்தவர் எவருமில்லை. கம்பி கிடந்தது, கிடங்கில் கம்பி கிடக்காமல் பின்னே என்ன கிடக்கும். குண்டு உடலைத் துளைத்து வெளியே போயிருந்தது. முன்னாலிருந்து நுழைந்திருந்தால் காவலாளி சொல்வது உண்மை. பின்னாலிருந்து நுழைந்திருந்தால், ஓடுகிறவனைச் சுட்ட கொலை. வழக்கு மொத்தமும் அவ்வளவுதான்.

டாக்டர் அதைப் பார்த்துத் தெளிவாகவே எழுதியிருந்தார். 'மு. சிறு துளை, ஓரம் உள்நோக்கி. எதிர்ப்பக்கம் பெரிய துளை, ஓரம் கிழிந்து வெளிநோக்கி.' குண்டைப் பற்றி அவர் ஒன்று சொல்வார்: "மோசமான விருந்தாளிய்யா அது. வரும்போது அடக்கமா வரும், போகும்போது கதவைப் பேத்துக்கிட்டுப் போகும்." சிறு துளைதான் நுழைந்த வழி. அது எந்தப் பக்கம் என்பதற்கு அந்தத் தாளில் இருந்தது ஒரு மு, ஒரு புள்ளி. உடல் படம் அச்சடித்த தாள் இருந்திருந்தால் அதில் அம்புக்குறி போட்டிருப்பார். அந்தத் தாள் தீர்ந்து மூன்று மாதமாகியிருந்தது. கேட்டு எழுத வேண்டியவன் நான். மறந்துவிட்டேன். அதில் சூழ்ச்சி எதுவும் இல்லை ஐயா, வெறும் சோம்பேறித்தனம்.

நான்காம் நாள், நகல் அவர் மேசைக்குப் போகுமுன், டாக்டர் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் போயிற்று, பேச்சும் போயிற்று. பையனின் உடலை அதற்குள் எரித்திருந்தார்கள். சட்டையை அவசர சிகிச்சையில் கிழித்து எறிந்திருந்தார்கள். மிச்சமிருந்தது அந்தத் தாளும் நானும்.

பையனின் அம்மா தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்க, பதினோரு நாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாடாவைக் கழற்றக்கூட நினைவில்லை. பதினோராம் நாள் மாலை என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, அவன் திருடத்தான் போனான். அதை நான் மறைக்கல. ஆனா ஒரு வயசான மனுசனைக் கம்பியால அடிக்கிறவனா அவன்? கரப்பான்பூச்சியைப் பார்த்தா நாற்காலி மேல ஏறி நிப்பான். ஓடித்தான் இருப்பான். எனக்கு அது போதும். முதுகுலதானே அண்ணே?"

நான் தலையசைத்தேன்.

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். தையல் ஊசி குத்திக் குத்தி மரத்துப்போன விரல்கள். எனக்கும் கண் கலங்கியது. அவர் போன பிறகுதான் படிவத்தை எடுத்தேன். தலை ஒன்று சொல்லிவிட்டது; கை வேறொன்று எழுதினால் அந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? மு-வுக்குப் பக்கத்தில் 'ன்' போட வேண்டிய இடத்தில் 'துகு' போட்டேன். ஓர் எழுத்துக்கு இரண்டெழுத்து. தாராள மனசு எனக்கு எப்போதும் உண்டு.

அந்தப் புள்ளி இரண்டுக்கும் பொருந்துமே, உனக்கே குழப்பமாக இருந்திருக்கலாமே என்று நீங்கள் நல்ல மனதோடு கேட்டீர்கள். இல்லை. நான் சேர்ந்த ஏழாம் வருடம் ஒரு கத்திக்குத்தில் இதே மு-வால் நீதிமன்றத்தில் இருவரும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அன்று மதியம் சாப்பிடும்போது நான்தான் யோசனை சொன்னேன். "முன்பக்கத்துக்கு மு வச்சுக்குங்க டாக்டர். முதுகுக்குத் தலையைச் சீவிட்டு து-ன்னு மட்டும் போடுங்க." அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். இருபது வருடம் அதில் ஒருமுறைகூட அவர் தவறியதில்லை. இந்த ஏற்பாடு தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவருக்குப் பேச்சில்லை.

நீதிமன்றத்தில் தாளை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். காவலாளியின் வக்கீல் இளைஞர், கெட்டிக்காரர். மு என்றால் முன் என்றும் ஆகலாமே என்றார். முன்பக்கத்தில் குண்டு பட்டால் டாக்டர் 'நெ' போடுவார், நெஞ்சுக்கு நெ, வயிற்றுக்கு வ என்றேன். நீதிபதிகூடப் புன்னகைத்தார். கூண்டில் நின்ற காவலாளி கத்தவில்லை. "சார், இன்னொரு தடவை படிங்க சார்" என்றார், தன் காதுதான் சரியில்லை என்பதுபோல. நான் இன்னொரு தடவை படித்தேன். இரண்டாம் தடவை இன்னும் தெளிவாக வந்தது.

ஆயுள் தண்டனை.

தீர்ப்பு வந்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன். பழக்கத்தை விட முடியுமா. கட்டிலில் அவர், மடியில் செய்தித்தாள். என்னைக் கண்டதும் இடது கையால் அந்தத் தீர்ப்புச் செய்தியைத் தட்டினார். பிறகு தன் மார்பைத் தட்டினார். செய்தி, மார்பு. செய்தி, மார்பு. வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. அவர் மகள் சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

"காலையிலேருந்து இப்படித்தான் பண்றார். உங்களுக்குத்தான் அப்பா சொல்றது புரியும். என்ன சொல்றார் அங்கிள்?"

"நெஞ்சு வலிக்குதுன்னு சொல்றாரும்மா" என்றேன்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் கூடப் போனேன், தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே. நல்லவேளை, இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. வழி முழுவதும் அவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்தப் பார்வையைப் படிக்க மட்டும் நான் முயலவில்லை.

பிறகு அங்கே போவதைக் குறைத்துக்கொண்டேன். அவர் போன மாதம் இறந்தபோது தலைமாட்டில் ஒரு நோட்டு இருந்ததாம். இதோ, நீங்கள் என் முன்னால் விரித்து வைத்திருப்பது. இடது கையால் எழுதப் பழகியிருக்கிறார். நாற்பது பக்கமும் ஒரே சொல். முன், முன், முன். கடைசிப் பக்கங்களில் யாரும் படிக்கும்படியாக இருக்கிறது. முப்பத்தோரு வருடத்தில் அவர் எழுதியதிலேயே அழகான எழுத்து இதுதான் ஐயா. 'முன்னேறணும்னு அப்பா எழுதிப் பாக்குறார்' என்று மகள் நினைத்துக்கொண்டிருந்தாராம். பாவம், நல்ல பெண்.

காவலாளியைப் பற்றியும் கேட்டீர்கள். சிறைக்குப் போன மூன்றாம் வருடம் எங்கள் பிணவறைக்கே வந்தார். குடலில் ஓட்டை. இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்திருக்கிறார்; நடிக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். புது டாக்டர் எல்லாவற்றையும் கணினியிலேயே அடித்துவிடுவார், என் கண்ணாடிக்கு வேலையில்லை. ஆனால் காவலாளியின் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அறிக்கையை என்னிடம் நீட்டினார். நான் யாரென்று அவருக்கு நினைவில்லை. நீதிமன்றத்தில் அவர் தன் புருஷனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

"என்ன எழுதியிருக்கு அண்ணே? கஷ்டப்பட்டாரா?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டாரு."

அவரும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும்" என்றார். யோசித்துப் பாருங்கள். ஒரே வழக்கின் இந்தப் பக்கம் ஒரு பெண், அந்தப் பக்கம் ஒரு பெண். இரண்டு பேரையும் ஆறுதலோடு அனுப்பியவன் ஒருவன்தான். நீதிமன்றத்தால் அது முடியுமா?

சரி, உங்களுக்கு வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளட்டும். குண்டு முன்னாலிருந்து நுழைந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தே முதுகு என்று எழுதினேன், தெரிந்தே இரண்டு தடவை படித்தேன். காவலாளி பொய் சொல்லவில்லை. அவரைச் சிறையில் வைத்ததும், அங்கே சாக வைத்ததும் நான். யாரும் என்னைத் தூண்டவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன், தாருங்கள். ஆனால் ஐயா, உங்கள் எழுத்தர் என்னதான் எழுதியிருக்கிறார் இதில்? ஒரு வரிகூட விளங்கவில்லையே. நாளைக்கு யாராவது இதைத் தப்பாகப் படித்துவிட்டால் வம்பு. ஒரு வெள்ளைத் தாள் கொடுங்கள். நானே நல்ல எழுத்தில் ஒரு நகல் எடுத்துத் தருகிறேன். ஓர் எழுத்துகூட மாறாது.