தினம் இரண்டு அங்குலம்

நீங்கள் வாங்கித் தந்த டீ நன்றாக இருந்தது மேடம். சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை, பழக்கதோஷம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவன் நான். தையல் ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் சில்வர் பேனாவால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து ஜோடியை ஓரமாக எடுத்துப் போட்டுவிடுவேன். ரிட்டயர் ஆகி மூன்று வருடம் ஆகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு குறை இருந்தது.

என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். பெயர் ஜம்புலிங்கம். எங்கள் காம்பவுண்டில் மூன்று வீடுகள். முதல் வீட்டில் நான், நடுவில் ஆக்னஸ் டீச்சர், கடைசியில் நசீமுன்னிசா அம்மா. டீச்சர் கணக்கு வாத்தியார். கணவர் இறந்து ஆறு வருடம். அவர் வளர்த்த நாய்தான் துரை. வெள்ளை முடி, பன்னிரண்டு வயது. வெள்ளைக்காரத் துரை மாதிரி நடக்கிறான் என்று அவர் வைத்த பெயர்.

பொங்கல் முடிந்த வாரத்தில் துரையின் இடது கண்ணை எடுத்தார்கள். உள்ளே அழுத்தம் ஏறி, கண் கோலிகுண்டு போல வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. மருந்துக்குக் கேட்கவில்லை. வலது கண்ணில் ஏற்கெனவே புரை விழுந்து பால் போல இருந்தது. வேலூரில் ஆபரேஷன். டீச்சர் அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, கண் இருந்த இடத்தில் தையல் மட்டும் இருந்தது. குனிந்து பார்த்தேன். ஏழு தையல், சீரான இடைவெளி. நல்ல கை.

“சார், ஸ்கூல்ல லீவே கெடைக்கல. தையல் பிரிக்கிற வரைக்கும் பகல்ல மட்டும் இவனப் பாத்துக்கறீங்களா? உங்கள விட்டா எனக்கு யாரு இருக்காங்க?” என்றார் டீச்சர்.

அந்த மாதிரி ஒரு வாக்கியத்தை அதற்கு முன் என்னிடம் யாரும் சொன்னதில்லை.

சாவியைக் கொடுத்தார். பார்த்துக்கொண்டேன். முதல் இரண்டு நாள் ஐஸைத் துணியில் சுற்றி ஒத்தடம். கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் புனலைக் கழற்றவே கூடாது. காலால் பிராண்டினால் தையல் பிரிந்துவிடும். இடது மூக்கில் ரத்தம் கலந்த நீர் வந்தால் பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்தது, துடைத்தேன். மாத்திரையை இட்லிக்குள் புதைத்துக் கொடுத்தேன். முதலில் குரல், பிறகுதான் கை. “துரை, நான்தான்” என்பேன். திருவிழா ஸ்பீக்கரைத் திருப்புவது போலப் புனலை என் பக்கம் திருப்புவான். நான்காம் நாள் என் பாதத்தின் மேல் தாடையை வைத்துத் தூங்கிவிட்டான். ஒன்றரை மணி நேரம் நான் காலை அசைக்கவில்லை. சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்போதும் அசைக்கவில்லை.

டாக்டர் இன்னும் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒன்று, வீட்டுச் சாமான்களை இடம் மாற்றாதீர்கள், அவன் நினைவில் வைத்துத்தான் நடப்பான். இரண்டு, வாசலில் ஒரு தேங்காய் நார் மிதியடி போட்டு, அதில் ஏதாவது ஒரு வாசனையைத் தடவுங்கள். தோல் வாசனை மட்டும் வேண்டாம், அதை நம்பினால் ஆம்பூர் முழுக்கத் தன் வீடு என்று நினைத்துக்கொள்ளும் என்று சிரித்தாராம். டீச்சர் கேக்குக்கு வைத்திருந்த வெனிலா எசன்ஸில் இரண்டு சொட்டு விட்டார். துரை பின்பக்கம் வேப்பமரம் வரை போவான், வாசனை பிடித்துத் திரும்புவான், மிதியடியில் ஏறி நின்று ஒருமுறை குரைப்பான். வந்துவிட்டேன் என்று அர்த்தம்.

பதினான்காம் நாள் தையல் பிரித்தார்கள். அன்று மாலை டீச்சர் எனக்கு ஒரு கேக் கொண்டுவந்தார்.

“ரொம்ப தேங்க்ஸ் சார். உங்கள ஜாஸ்தி கஷ்டப்படுத்திட்டேன். இனிமே நானே பாத்துக்கறேன்.”

நான் கோபப்படவில்லை. சாவியை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். டூப்ளிகேட் சாவி மூன்றாம் நாளே செய்து வைத்திருந்தேன், ஓர் ஆத்திர அவசரத்துக்கு. வீட்டுக்கு வந்து கேக்கைச் சாப்பிட்டேன். நடுவில் சரியாக வேகவில்லை.

அடுத்த வாரம் முழுக்க டீச்சரைக் கவனித்தேன். பள்ளிக்கூடப் பையை நடு ஹாலில் வைக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் அவனை இடது பக்கத்திலிருந்து தொடுகிறார். செல்லம் கொஞ்சும்போது பிஸ்கெட் கொடுக்கிறார். எழுதிப் பார்த்ததில் பத்தொன்பது குறைகள் தேறின. கம்பெனியாக இருந்தால் மூன்றாவது குறையிலேயே லைனை நிறுத்தியிருப்பார்கள். சரக்கு நல்ல சரக்கு, இருக்கும் இடம்தான் சரியில்லை என்று முடிவுக்கு வந்தேன்.

அதே கடையில் அதே மாதிரி மிதியடி ஒன்று வாங்கி என் வாசலில் போட்டேன். வெனிலாவும் வாங்கினேன். டீச்சரின் மிதியடியைச் சோப்பு போட்டு அலசிக் காயவைத்து, அவர் வருவதற்குள் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். அன்று மாலை துரை வேப்பமரத்திலிருந்து திரும்பி, என் வாசலில் ஏறி நின்று ஒருமுறை குரைத்தான். டீச்சர் சிரித்துக்கொண்டே வந்து தூக்கிப் போனார். இரண்டாம் வாரம் சிரிக்காமல் வந்து தூக்கிப் போனார்.

வாசல் மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். உள்ளே அவன் நிம்மதியாக இருந்தால் மறுபடி அங்கேதான் போவான். ஆகவே, டீச்சர் பள்ளிக்கூடம் போன பிறகு உள்ளே போய், நாற்காலிகளைத் தினம் இரண்டு அங்குலம் நகர்த்தினேன். இரண்டு அங்குலம் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. பழைய இடம் மறக்காமலிருக்க ஒவ்வொரு கால் பக்கத்திலும் சில்வர் பேனாவால் ஒரு புள்ளி, பொடி எழுத்தில் தேதி. துரை தண்ணீர் குடிக்கப் போகும் வழியில் ஒருநாள் நாற்காலி வந்து சேர்ந்தது.

ஆனால் வயதான நாய், பகலெல்லாம் படுத்தே கிடக்கும். நடந்தால்தானே இடிக்கும். அதனால் நான் நாற்காலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “துரை, நான்தான்” என்று கூப்பிடுவேன். எழுந்து வருவான். இடித்துக்கொள்வான். உடனே தூக்கித் தடவிக் கொடுத்து என் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். என் வீட்டில் எல்லா மூலைக்கும் ஷூவுக்குள் வைக்கும் ஸ்பாஞ்சை ஒட்டியிருந்தேன். வித்தியாசம் அவனுக்குப் புரிய வேண்டும் அல்லவா. டீச்சர் வரும் நேரத்துக்குத் திரும்பக் கொண்டுபோய் விடுவேன்.

ஒருநாள் கட்டில் முனையில் இடது பக்கமே பட்டுவிட்டது. ஆறிய தையல் தழும்பின் ஓரம் பிளந்து ரத்தம் வந்தது. பஞ்சில் மருந்து தொட்டு வைத்தேன். வலியில் முனகினானே தவிர என்னைக் கடிக்கவில்லை. நம்பிக்கை என்றால் அதுதான்.

அன்று மாலை டீச்சர் அவனை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். மூளையும் மங்கிவிட்டதோ என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். மார்ச் கடைசியில் அவரே துரையையும் அவன் கிண்ணத்தையும் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

“அவனுக்கு உங்க வீடுதான் புடிச்சிருக்கு சார். என் ஊட்ல வந்தாலே நடுங்கறான். நீங்களே வச்சிக்கோங்க. நான் இன்னா தப்பு பண்ணேன்னுதான் தெரியல.”

“உங்க மேல தப்பு இல்ல டீச்சர்” என்றேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன்.

எட்டு நாள் இருந்தான். டீச்சர் வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டியே படுத்துக்கொண்டான். சாப்பாடு கம்மியாகிவிட்டது. அந்தச் சுவர் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும், அதனால்தான்.

ஈஸ்டருக்காக டீச்சர் வீடு கழுவியிருக்கிறார். வெள்ளிப் புள்ளிகள் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. உட்கார்ந்து உற்றுப் பார்த்திருக்கிறார். கணக்கு டீச்சர் அல்லவா. தேதி வாரியாக ஒவ்வொரு புள்ளியிலும் நாற்காலியைத் தூக்கி வைத்துப் பார்த்திருக்கிறார். நாற்காலிகள் ஒரு மாதமாகத் தண்ணீர்க் கிண்ணத்தை நோக்கி நடந்து வந்தது தெரிந்துவிட்டது. நசீமுன்னிசா அம்மா வேறு சும்மா இருக்கவில்லை.

“ஜம்பு சார் டேப்பு வச்சி தினோம் உங்க ஊட்ட அளந்துகினு இருந்தாரே டீச்சர். நான் நீங்கதான் டைல்ஸ் போடச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன்.”

டீச்சர் ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி என் வாசலுக்கு வந்தார். கத்தவில்லை. வகுப்பில் கேட்பது போலக் கேட்டார்.

“ஏன் சார் இப்டி பண்ணீங்க? கண்ணு தெரியாத ஜீவன் சார் அது. கேட்டிருந்தா நானே தினோம் கொண்டாந்து உட்டிருப்பேனே.”

“நீங்க தேங்க்ஸ் சொல்லிட்டீங்களே டீச்சர்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. துரையைத் தூக்கிக்கொண்டு போனார். பூட்டை மாற்றினார். அதன்பிறகு நான் உள்ளே போகவில்லை. பராமரிப்புக் குறிப்புகளைத் தினம் ஒரு சீட்டில் எழுதி அவர் கதவுக்கடியில் தள்ளியதோடு சரி. இருபத்தாறாவது சீட்டுக்குத்தான் டீச்சர் உங்களிடம் வந்தார் என்று நினைக்கிறேன்.

இது எந்த செக்‌ஷனில் வரும் என்று நீங்கள் ஏட்டையாவைக் கேட்டது என் காதில் விழுந்தது. வீடு புகுந்தது உண்மை. நாயைக் காயப்படுத்தியதும் உண்மை. டீச்சரை அழவைத்ததும் நான்தான். எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன். நோக்கம் என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் ‘பராமரிப்பு’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று மதியம் டீச்சர் துரையோடு ஸ்டேஷனுக்கு வந்தபோது நீங்களும் இருந்தீர்கள். வழக்கம்போலத்தான் கூப்பிட்டேன். “துரை, நான்தான்.” அவன் உடம்பு முழுக்க உதறியது. டீச்சரின் புடவைக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டான். நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டான். ஏட்டையா ஏன் என்னை அப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை. வயதான நாய்களுக்குக் குளிர் தாங்காது மேடம். அக்னி நட்சத்திரம்தான், நூற்றெட்டு டிகிரி வெயில்தான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் டீச்சர் வீட்டுச் சிமெண்டுத் தரை அவனுக்கு ஆகாது. ஒரு கனமான சாக்கு விரிக்க வேண்டும். எந்த இடத்தில் விரிப்பது என்று நானே வந்து காட்டுகிறேன்.