மணிக்குள் புல்

எங்கள் தோட்டத்துப் பலாவை நீங்கள் ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், சார். இந்த வருடம் நல்ல காய்ப்பு. அந்த மரத்தடியில்தான் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் போனால் செம்மேட்டுப் பஸ் நிற்கும் ரோடு. வலது பக்கம் மிளகுக்கொடிகளைத் தாண்டினால் செங்குத்தான பள்ளம்.

என் மனைவி அத்தாயிக்கு மறதி நோய் வந்து மூன்று வருடம். சேந்தமங்கலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்றான் மகன் முருகானந்தம். டாக்டர், நர்ஸ் எல்லாம் அங்கேயே உண்டாம். வீட்டுக்கே ஆள் வைக்கலாம் என்றேன் நான். நாற்பத்தோரு வருடம் கூட வாழ்ந்தவளை மலையை விட்டு இறக்கி அடிவாரத்து வெயிலில் கொண்டுபோய் விட மனசு வருமா? பூங்குழலியை வேலைக்கு வைத்தோம். நல்ல பெண். அத்தாயி எங்காவது நடந்து போய்விடக் கூடாதே என்று அவள் இடுப்பில் ஒரு மாட்டு மணியைக் கட்டியது நான்தான். சத்தம் கேட்டால் பூங்குழலி ஓடிப்போய்க் கூட்டிவருவாள்.

கெடுத்தது முருகானந்தம். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று எங்களை அந்த இல்லத்துக்குக் கூட்டிப்போனான். வராந்தாவில் நாலைந்து பெண்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அத்தாயியும் உட்கார்ந்து ஆய்ந்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

"ஏனுங்க, நான் இங்கயே இருந்துக்கறனுங்க," என்றாள்.

நோயில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். ஆனால் அதை மட்டும் அவள் மறக்கவில்லை. தினமும் கேட்டாள். திங்கட்கிழமை கார் கொண்டுவருவதாக மகன் சொல்லிவிட்டான்.

விற்ற மாட்டை ஓட்டிப்போகும்போது மற்ற மாடுகள் பின்னாலேயே வராமலிருக்க, அதன் மணிக்குள் புல்லைத் திணிப்போம். ஞாயிறு காலை அத்தாயியின் மணிக்குள் திணித்தேன். ஆகவே, சத்தமே கேட்கவில்லை என்று பூங்குழலி உங்களிடம் அழுதது பொய்யில்லை. அவளை ஸ்டேஷனில் வைத்திருக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

நல்ல மூடுபனி. கையில் பையோடு அத்தாயி பலா மரத்தடியில் நின்றிருந்தாள்.

"பஸ்ஸுக்கு எந்தப் பக்கமுங்க போகோணும்?"

வலது பக்கம் கையைக் காட்டினேன். "பாத்துப் போ, சாமி," என்றும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள்.

என்னை விட்டுப் போக நினைக்கிறவள் இல்லை அவள். பள்ளத்திலிருந்து எடுத்த பையில் அவள் சேலைகள் மட்டும்தான் இருந்தன என்கிறீர்கள். என் வேட்டியை எடுத்துவைக்க மறந்திருப்பாள், சார். நோய் அப்படி.