எரிமலை ஊருக்குக் கீறிய ரோட்டு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். லண்டன் டூட்டிங்கில் பஸ் ஏறியிருந்தேன். முன் சீற்றில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் தன் தமக்கையிடம் சொன்னான்:

"எரிமலைக் குழம்பு ஊருக்குள்ளை வர நாலு மணித்தியாலம் செல்லும், அக்கா. சனம் தப்பிப் போகப் பிளானிலை ரெண்டு ரோட்டுக் கீறியிருக்கிறன்."

எங்கேயோ ஒரு தீவாம். இவன் இங்கே லண்டன் கந்தோரில், வேலை மேசையில் இருந்துகொண்டு அதற்குப் பாதை போடுகிறான்.

"சனத்தை எப்பிடிக் கணக்கெடுத்தனீ?"

"வீட்டு வாசலிலை நிக்கிற காருகளை எண்ணினனான். கார் கூடின பக்கத்தாலைதான் ரெண்டு ரோட்டும் போகுது."

"கார் இல்லாத ஆக்கள்?"

"கடற்கரைப் பக்கம் கொஞ்சப்பேர் இருக்கினம். அவை நடந்து வந்து ரோட்டிலை ஏறவேணும்."

"கிழடு கட்டையளும் நடக்கிறதோ? ஊர்ச் சண்டையிலை ஷெல் விழேக்கை அம்மாவை நீ காரிலையோ ஏத்திக்கொண்டு வந்தனீ?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "சைக்கிள் கரியரிலை."

"அப்ப உன்ரை கணக்கிலை அம்மாவும் இல்லை."

"நாளைக்குப் பிளானைக் குடுக்கவேணும், அக்கா. இனி மாத்த ஏலாது."

"ஓம், ராசா. நீங்கள் பெரிய எஞ்சினியர்."

அவள் மணியை அடித்து, அவனைப் பாராமல் இறங்கிப் போனாள். அவன் மடியில் இருந்த கம்ப்யூட்டரைத் திறந்தான், மூடினான், பிறகும் திறந்தான். அவன் என்ன செய்தான் என்று தெரியுமுன் நான் இறங்கவேண்டிய தரிப்பு வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதியிருக்கிறேன். பேத்தி, இதை ஒருக்கால் எனக்கு வாசித்துக் காட்டு. அந்தத் தமக்கை சொன்னதில் ஒரு சொல்லும் விட்டுவிடாதே.